குடும்பப் படங்களில் இது எதற்கு? – நிலாவெளி வாசகரின் கேள்வியைத் தொடர்ந்து

2025 யூலை 5 – நிலாவெளி வாசகர் எழுதியது

"நான் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். குடும்பமாக இருந்து பார்க்கலாம் என்று நம்பி ஒரு சூப்பர் ஹீரோ படத்தையோ கார்ட்டூன் படத்தையோ போட்டால், எங்கோ ஓரிடத்தில் இரண்டு பெண்கள் தம்பதியராக வருகிறார்கள், அல்லது ஓர் ஆண் தன் காதலனைப் பற்றிச் சொல்கிறான். பெரியவர்களுக்கான படங்களில் எதையும் காட்டட்டும். குடும்பப் படங்களில் இது எதற்கு, அக்கா? முன்பெல்லாம் இப்படி இருக்கவில்லையே."

2025 யூலை 5, இரவு

பதில் சொல்லத் தெரியாத ஒரு காட்சி பிள்ளைகளுக்கு முன்னால் வந்துவிடும்போது பெற்றோருக்கு ஏற்படும் பதற்றம் உண்மையானது. திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுபவள் என்ற முறையில் அந்தப் பதற்றத்தை நான் முகங்களில் நேரே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை.

நாங்கள் குடும்பம் குடும்பமாகப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்களின் நகைச்சுவைப் பகுதிகளை நினைத்துப் பாருங்கள். பெண்மை கலந்த நடையும் பேச்சும் உள்ள ஆண் ஒருவன் வந்தாலே அரங்கு சிரித்தது. தெருவில் ஒரு திருநங்கை எதிர்ப்பட்டால் கதாநாயகனின் நண்பன் அலறிக்கொண்டு ஓடுவான், அதற்கும் சிரித்தோம். 2015 பொங்கலுக்கு வந்த 'ஐ' படத்தில் ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கை முதலில் கேலிக்கும் பிறகு வில்லத்தனத்துக்கும் பயன்பட்டார். சென்னையில் திருநங்கையர் அதை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார்கள். அந்தக் காரணத்துக்காகப் பிள்ளைகளை அந்தப் படத்துக்குக் கூட்டிப் போகக்கூடாது என்று எந்தத் தாயோ தகப்பனோ சொல்லி நான் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதர்கள் எங்கள் வீட்டுத் திரையில் எப்போதும் இருந்தார்கள். சிரிப்பதற்காக இருந்தவரை யாருக்கும் சங்கடமில்லை. ஒரு வீட்டில், சாப்பாட்டு மேசையில், நாலு பேரில் ஒருவராக வந்து உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தொடங்குகிறது. ஆகவே குடும்பப் படங்களில் இது எதற்கு என்ற கேள்வியை, அங்கே அவர்களுக்கு எந்த வகையான இடம் கொடுக்கப்படுகிறது என்று மாற்றிக் கேட்கவே நான் விரும்புகிறேன்.

2025 யூலை 6

இவை பிள்ளைகள் மீதான திணிப்பு என்று இன்று வேறு சிலர் எழுதியிருப்பதால், உண்மையில் எவ்வளவு காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

2019 இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' மூன்று மணிநேரப் படம். அதில், இழந்தவர்கள் கூடித் துயரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு கூட்டத்தில் பெயரற்ற ஒருவர், தான் இன்னோர் ஆணோடு சாப்பிடப் போனதைச் சொல்கிறார். அந்த வேடத்தில் வந்தவர் படத்தின் இயக்குநர்களில் ஒருவரான ஜோ ரூசோ. மார்வல் படங்களில் வெளிப்படையாகத் தற்பால் ஈர்ப்புள்ள முதல் பாத்திரம் என்று விளம்பரமானது இதுதான். 2017 இன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தில் லெஃபூ என்ற பாத்திரம் இறுதி நடனத்தில் ஓர் ஆணோடு சில கணங்கள் ஆடுகிறது. இயக்குநர் பில் கொண்டன் முன்கூட்டியே பேட்டியில் சொல்லாமல் விட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். 2020 இன் 'ஆன்வர்ட்' படத்தில் ஒற்றைக்கண் பொலிஸ் அதிகாரி ஒருத்தி தன் காதலியின் மகள் படுத்தும் பாட்டைப் பற்றி ஒரேயொரு வாக்கியம் பேசுகிறாள். அந்த வாக்கியத்துக்காகக் குவைத், ஓமான், கட்டார், சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் படம் வெளியாகவில்லை.

ஒரு வாக்கியம், ஒரு நடன அசைவு, ஒரு பெயரற்ற மனிதர். என் கோபம் நிலாவெளி வாசகரின் கோபத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இந்தக் காட்சிகள், வேண்டாத நாட்டில் வெட்டி எறியத்தக்கதாக அளந்து செய்யப்பட்டவை. வெட்டிய இடத்தில் தையல்கூடத் தெரியாது. படநிறுவனம் ஒரு பக்கத்தில் பாராட்டு வாங்கிக்கொள்கிறது, மறுபக்கத்தில் சந்தையையும் காப்பாற்றிக்கொள்கிறது. இடையில் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வாழ்க்கை எழுதப்படுவதேயில்லை.

2025 யூலை 8

கிண்ணியாவிலிருந்து ஒருவர், தான் கட்டாரில் வேலை செய்த காலத்தில் மார்வலின் 'எட்டர்னல்ஸ்' படத்துக்காகக் காத்திருந்தும் அது அங்கே வரவேயில்லை என்று எழுதியிருக்கிறார். ஆம், 2021 இல் சவூதியிலும் குவைத்திலும் கட்டாரிலும் அது வெளியாகவில்லை. வளைகுடாவில் உழைக்கும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் அங்கே எந்தப் படத்தை எந்த வடிவில் பார்த்தார்கள் என்பது இந்தத் தணிக்கைகளால் தீர்மானமாகியிருக்கிறது.

அந்தப் படத்தை நினைத்தபோது முந்தாநாள் எழுதியதற்கு ஒரு வரம்பு போடத் தோன்றுகிறது. 'எட்டர்னல்ஸ்' படத்தின் ஃபாஸ்டோஸ் ஒரு கருவிகளின் கலைஞன். 1945 இல் ஹிரோஷிமாவின் சாம்பலுக்கு நடுவில் நின்று, தான் கொடுத்த அறிவு இதற்கா பயன்பட்டது என்று மனிதகுலத்தையே வெறுத்துவிடுகிறான். பிறகு அவனைத் தேடிப் போகும்போது அவன் ஒரு வீட்டில் கணவனோடும் சிறு மகனோடும் வாழ்கிறான். மனிதர்மேல் இழந்த நம்பிக்கையை அந்த வீடுதான் அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. கணவனோடு அவன் பகிரும் முத்தத்தை வெட்டலாம். அந்த வீட்டை வெட்டினால் அவன் ஏன் மீண்டும் போருக்குப் போகிறான் என்பதற்குக் காரணமே இல்லாமற்போகும். படமாக அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, நீளம் தாங்கவில்லை. ஆனால் இந்த ஒரு பாத்திரத்தை உட்காரவைத்திருக்கும் விதம் சரியானது.

தற்பால் ஈர்ப்புள்ளோரும் திருநரும் ஊடகங்களில் காட்டப்படும் விதத்தைக் கவனிக்கும் அமெரிக்காவின் கிளாட் அமைப்பு 2013 இல் படங்களை மதிப்பிட ஓர் அளவுகோலை வெளியிட்டது. விட்டோ ரூசோ என்ற திரைப்பட வரலாற்றாளரின் பெயரிலான அந்த அளவுகோல், அப்படியொரு பாத்திரம் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தப் பாத்திரத்தின் ஆளுமை அந்த ஓர் அடையாளத்தோடு முடிந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது. அவரை எடுத்துவிட்டால் கதைக்குச் சேதம் வருமா என்றும் பார்க்கிறது. கடைசியாகச் சொன்னதே எனக்கு முக்கியம். அதை இனி எல்லாப் படங்களிலும் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

2025 யூலை 13

2022 இல் வந்த 'லைட்இயர்' கார்ட்டூன் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை என் பெறாமகனோடு வீட்டில் இருந்து பார்த்தேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

விண்வெளிவீரன் பஸ் ஒவ்வொரு முறையும் சோதனைக்காகப் பறந்து திரும்ப அவனுக்குச் சில நிமிடங்களே ஆகின்றன, ஆனால் தரையில் இருப்பவர்களுக்கு நான்கு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவனுடைய தோழி ஹோதோர்ன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மூத்திருக்கிறாள். ஒரு பெண்ணை மணந்துகொள்கிறாள், மகன் பிறக்கிறான், தலை நரைக்கிறது. ஒருநாள் பஸ் திரும்பி வந்து கதவைத் திறந்தால் அவள் இறந்துபோயிருக்கிறாள். பதிந்துவைத்த ஒரு செய்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஹோதோர்னும் அவள் மனைவியும் பகிரும், உலகமெங்கும் சர்ச்சையான அந்த முத்தம் வந்தபோது பிள்ளை மிக்சர்க் கிண்ணத்துக்குள் கச்சான் தேடிக்கொண்டிருந்தான். கதவு திறந்த காட்சியில் நிமிர்ந்தான். "ஏன் அவா மட்டும் கிழவியானா? அவன் ஏன் அவாவோட நிக்கேல்ல?" என்று கேட்டான். அன்றிரவு வரையும் அவன் கேட்டதெல்லாம் அதைப் பற்றித்தான். அக்கா, அதாவது அவனுடைய அம்மா, குசினி வாசலில் நின்று முத்தக் காட்சியில் என்னைப் பார்த்ததும், பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனதும் எனக்கு நினைவிருக்கிறது. பெரியவர்களான நாங்கள் இருவரும் ஒரு நொடியைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தபோது, பிள்ளை அந்தப் பெண்ணின் முழு வாழ்நாளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முத்தம் முதலில் நீக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச்சில், படத்தைத் தயாரித்த பிக்சார் நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் படங்களில் தற்பால் அன்பு வெளிப்படையாகத் தெரியும் இடங்களையெல்லாம் தாய்நிறுவனமான டிஸ்னியின் மேலிடம் வெட்டச் சொல்கிறது என்று கடிதம் எழுதினார்கள். புளோரிடாவில் பள்ளிகளில் இந்த விடயத்தைப் பேசுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டமூலம் சூடாக விவாதிக்கப்பட்ட காலம் அது. அதன் பிறகே முத்தம் திரும்பச் சேர்க்கப்பட்டது. மலேசியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் உட்படப் பல நாடுகளில் படம் திரைக்கு வரவில்லை. ஹோதோர்னின் பேத்தி இஸ்ஸிதான் படத்தின் பிற்பாதியில் பஸ்ஸுக்குத் துணையாக வருபவள். பாட்டிமார் இருவரும் இல்லாவிட்டால் பேத்தி இல்லை, பேத்தி இல்லாவிட்டால் கதை இல்லை. தடை செய்தவர்களும் அதை விளம்பரப்படுத்தியவர்களும் இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசாமல் முத்தத்தைப் பற்றியே பேசினார்கள்.

2025 யூலை 14

நிலாவெளி வாசகர்: "உங்கள் பெறாமகன் கேட்கவில்லை. என் மகள் கேட்டாள்."

என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஆவல்.

2025 யூலை 19

"அந்தக் காலத்தில் 'அவ்வை சண்முகி' படத்தை எல்லாக் குடும்பங்களும் பார்த்தன, யாரும் குறை சொல்லவில்லை, அப்படியானால் நாங்கள் எப்படி வெறுப்பவர்களாவோம்?" என்று உவர்மலையிலிருந்து கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நான் இரண்டு நாட்களாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

1996 இல் வந்த அந்தப் படத்தில் கமல்ஹாசன், தன் மகளைப் பிரிய மாட்டாமல் பெண்வேடமிட்டு மனைவியின் வீட்டுக்குள் நுழையும் தகப்பன். மடிசார், மூக்குத்தி, நடை எல்லாவற்றையும் நாங்கள் ரசித்தோம். அதற்கு முன்பும் எங்கள் கிழக்கில் ஊர் முழுவதும் விடியவிடிய இருந்து பார்த்த கூத்துகளில் திரௌபதையாகவும் சுபத்திரையாகவும் ஆடியவர்கள் ஆண்கள்தான். பிள்ளைகள் பாயில் படுத்திருந்து பார்த்தார்கள். அதனால் பிள்ளை கெட்டுப்போகும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் இவை இரண்டிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சீலையைக் கடைசியில் கழற்றிவிடுவான் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். விடிந்தால், கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் ஆட்கள் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு வயலுக்கோ கடலுக்கோ போவார்கள். படம் முடியும்போது மாமி மறைந்து தகப்பன் வந்துவிடுவார். அந்த உறுதி இருக்கும்வரை எங்கள் குடும்பங்கள் மிகுந்த தாராளம் காட்டுகின்றன. கழற்றப்போவதில்லை, இதுதான் நான் என்று ஒருவர் சொல்லும் கணத்தில் அந்தத் தாராளம் நின்றுவிடுகிறது.

தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) அந்தக் கணத்தில்தான் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்காகக் காணாமற்போயிருந்த மாணிக்கம் வருகிறார் என்று வீடு முழுக்க உறவினர் கூடியிருக்கிறார்கள். வாகனத்திலிருந்து அவர் சீலையோடு, ஷில்பா என்ற திருநங்கையாக இறங்குகிறார். பெரியவர்கள் உறைந்துபோகிறார்கள். மகன் ராசுக்குட்டிக்கு மட்டும் அப்பா வந்துவிட்டார் என்பதே செய்தி. கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறான். என்னவாக வேண்டுமானாலும் இருங்கள், எங்களோடு இருந்தால் போதும் என்பதே அவன் கடைசியில் கேட்பதும். விஜய் சேதுபதிக்கு அந்த வேடத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. திருநங்கை வேடத்துக்குத் திருநங்கை ஒருவரையே நடிக்கவைத்திருக்கலாம் என்பதும், ஷில்பாவின் கடந்தகாலத்தில் குழந்தைக் கடத்தலைச் சேர்த்தது பழைய அவதூறுக்கு உரம் போட்டது என்பதும் அப்போதே எழுந்த கண்டனங்கள். இரண்டையும் நான் ஏற்கிறேன். வயதுவந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழோடு வந்த படம் அது, பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. ஆனாலும் ஒரு பிள்ளை இதை எப்படி எதிர்கொள்ளும் என்று தமிழில் யாரேனும் உண்மையாக எழுதியிருந்தால், அது அந்தத் தகப்பன்–மகன் காட்சிகளில்தான்.

2025 யூலை 20

கோணேசர் கோவில் இறைவனே ஆணும் பெண்ணும் கலந்த வடிவம்தானே என்று ஒருவர் எழுதியிருப்பதற்குச் சுருக்கமாக. திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம் முதற்பாட்டிலேயே கழலொலியும் சிலம்பொலியும் சேர்ந்து கேட்க, மலைமகளை ஒரு பாகமாகக் கொண்ட இறைவனைக் காட்டுகிறது என்பது உண்மை. நானும் அந்தப் பதிகத்தைப் பாடி வளர்ந்தவள்தான். ஆனால் அர்த்தநாரீசுவரரைச் சாட்சிக்கு அழைப்பதால் இந்த விவாதம் முடியாது. அந்தப் பாட்டை உருகிப் பாடிவிட்டுக் கோவில் வீதியில் இறங்கும்போது, எதிரே வரும் ஒருவரின் நடையைப் பார்த்துச் சிரித்தவர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். மலையுச்சியில் இருக்கும் வடிவத்துக்குக் கிடைக்கும் வணக்கம், வீதியில் நடக்கும் மனிதருக்கு மரியாதையாக இறங்கி வரவில்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டியது எங்கள் கதைகள்.

2025 யூலை 27

நேற்றுச் சனசமூக நிலையத்தில் 'த மிட்செல்ஸ் வெர்சஸ் த மெஷீன்ஸ்' (2021) காட்டினோம். இயந்திரங்கள் மனிதரைச் சிறைபிடிக்க, சண்டை பிடித்துக்கொண்டே இருக்கும் ஒரு குடும்பம் உலகத்தைக் காப்பாற்றும் கதை. மூத்த மகள் கேட்டிக்குப் படமெடுக்க ஆசை. தகப்பனுக்கு மரமும் காடும் தவிர ஒன்றும் விளங்காது. அவளுடைய உடையில் ஒரு சின்ன வானவில் பொத்தான் குத்தியிருக்கிறது. கடைசியில் தாய், உன் தோழியை விடுமுறைக்கு வீட்டுக்குக் கூட்டி வருகிறாயா, உங்களுக்குள் உறுதியாகிவிட்டதா என்ற கருத்தில், எந்த மகளிடமும் எந்தத் தாயும் கேட்பதுபோலக் கேட்கிறாள்.

பெற்றோர் யாரும் ஒன்றும் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் அந்தத் தடித்த நாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளை அருகில் வந்து, "மிஸ், அந்தப் பொத்தான் வாற இடத்தை ஒருக்காக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள். கணினியில் திரும்ப ஓட்டி நிறுத்தினேன். குனிந்து பார்த்தாள். "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாய்களையும் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் போனாள். ஏன் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை, இங்கே ஊகிக்கவும் மாட்டேன். தயவுசெய்து நீங்களும் ஊகிக்க வேண்டாம்.

2025 யூலை 28

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் தனிமடலில் எழுதி, இங்கே இட அனுமதி தந்திருக்கிறார். "வெட்டி எறியத்தக்க காட்சி என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். பதினைந்து வயதில் எனக்கு அப்படியொரு வெட்டத்தக்க வரிகூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன்."

இந்த மடலுக்குப் பிறகு, அந்தச் சிறு காட்சிகளைச் செய்த நிறுவனங்களின் மீதுள்ள என் குறை அப்படியே இருக்கிறது. அந்தக் காட்சிகளின் மீதான குறை குறைந்துவிட்டது. இரண்டு நொடி ஒருவருக்கு எவ்வளவு நீளம் என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது.

2025 ஓகஸ்ட் 3

ரியூசன் வகுப்பில் எங்களோடு படித்த ஒருவனைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். மென்மையாகப் பேசுவான், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான், எங்களில் எவரையும்விட அழகான கையெழுத்து. அவன் வகுப்புக்குள் நுழையும்போது பின்வாங்கில் இருந்த பொடியன்கள் ஒரு படத்தில் வந்த நகைச்சுவை வசனத்தை ஒரே குரலில் சொல்வார்கள். கற்பித்தவரும் சிரிப்பார். பெண்பிள்ளைகள் பக்கத்தில் இருந்த நாங்கள் குனிந்துகொண்டு சிரித்தோம். உயர்தரம் எழுதாமலே அவன் வகுப்பை விட்டு நின்றுவிட்டான்.

அந்த வசனத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது வீட்டில் பெற்றோரோடு இருந்து பார்த்த குடும்பப் படம். பிள்ளைகளின் மனதில் படங்கள் எதையும் பதித்துவிடக்கூடாது என்ற கவலை உண்மையானால், அது ஏற்கெனவே பதித்துவிட்டதிலிருந்து தொடங்க வேண்டும்.

2025 ஓகஸ்ட் 9

சூப்பர் ஹீரோக்களை விட்டு விலகிவிட்டோம் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார்.

இந்த வகைக் கதையில் இது பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது என்பவர்கள் அதன் அடித்தளத்தைக் கவனிக்கவில்லை. பகலில் ஒருவராகவும் இரவில் வேறொருவராகவும் வாழ்ந்து, வீட்டிலிருப்பவர்களுக்குக்கூடச் சொல்ல முடியாத ஒன்றைச் சுமப்பவரே சூப்பர் ஹீரோ. அமெரிக்காவில் 1954 இல் சித்திரக்கதைகளுக்கு ஏற்பட்ட ஒழுக்கக் கோவை தற்பால் ஈர்ப்பைச் சாடையாகச் சொல்வதையும் தடைசெய்தது. 1989 இல்தான் அது தளர்ந்தது. 1992 இல் மார்வலின் நோர்த்ஸ்டார் தன்னை வெளிப்படுத்திக்கொண்டான், 2012 இல் அவனுடைய திருமணம் ஓர் இதழின் கதையானது. திரைப்படங்கள் இந்தச் சித்திரக்கதைகளுக்குப் பல ஆண்டுகள் பின்னால் நடந்து வருகின்றன.

2003 இல் வந்த இரண்டாவது 'எக்ஸ்–மென்' படத்தில் பொபி என்ற இளைஞன் வீட்டுக்குப் போய், தன்னிடம் பிறவியிலேயே இருக்கும் ஆற்றலைப் பெற்றோரிடம் சொல்கிறான். தாய், அப்படி இல்லாமலிருக்க முயன்று பார்த்தாயா என்று கேட்கிறாள். அதைப் பார்த்த தற்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகள் அனைவருக்கும் அது எந்த உரையாடல் என்று விளங்கியது. 2015 இல் சித்திரக்கதையில் அதே பொபி தற்பால் ஈர்ப்புள்ளவனாகவே வெளிப்பட்டான்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊரவர்க்கு அகராதி தேவையில்லை. சோதனைச்சாவடியில் எந்த மொழியில் வாய் திறப்பது, எந்த ஊரைச் சொல்வது என்று எண்ணி எண்ணிப் பேசிய தலைமுறை நாங்கள். தன்னைப் பற்றிய உண்மை ஒன்றை மறைத்துக்கொண்டு நிற்கும்போது உடம்பு எப்படி இறுகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஷியாம் செல்வதுரை 1994 இல் எழுதிய 'ஃபன்னி போய்' நாவல் இந்த இரண்டு அச்சங்களையும் ஒரே வீட்டுக்குள் வைத்தது. பாட்டி வீட்டு வளவில் மச்சாள்மாரோடு மணப்பெண் விளையாட்டு விளையாடும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன், 1983 இன் தமிழர் எதிர்ப்பு வன்முறையை நோக்கி வளர்கிறான். 2020 இல் தீபா மேத்தா அதைப் படமாக்கியபோது பாத்திரங்கள் பேசிய தமிழ் குறித்துத் தமிழர்களிடமிருந்து கடுமையான கண்டனம் எழுந்தது; அது நியாயமானது. எங்கள் வீட்டுக் கதையில் எங்கள் பேச்சு பிழையாக ஒலித்தால், இது வேறு யாருடையவோ கதை என்று தள்ளிவிடுவது எளிதாகிவிடும். அந்தப் படத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

2025 ஓகஸ்ட் 10

நிலாவெளி வாசகர் கடைசியில் பதில் எழுதியிருக்கிறார். மகள் கேட்டபோது, "பிறகு சொல்கிறேன்" என்றாராம். "எப்போது சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தகப்பனுக்கு உண்டு, படக்கம்பனிக்கு இல்லை," என்கிறார்.

இந்த வாதத்தை டிஸ்னியும் சொல்லியிருக்கிறது. பிக்சாரின் 'வின் ஓர் லூஸ்' தொடரிலிருந்து ஒரு பாத்திரம் திருநர் என்பதைக் காட்டும் வசனங்களை நீக்கியதாக 2024 டிசம்பரில் செய்தி வந்தபோது, சில விடயங்களைப் பெற்றோர் தம் பிள்ளைகளோடு தமக்கு ஏற்ற வேளையில் பேசவே விரும்புகிறார்கள் என்று விளக்கம் கொடுத்தார்கள். அந்த உரிமையை நானும் மதிக்கிறேன். ஆனால் எங்கள் வீடுகளில் அந்தப் "பிறகு" எப்போது வருகிறது? எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் அது வந்ததில்லை. பெற்றோர் வேளை பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில் பின்வாங்குப் பொடியன்கள் கற்பித்துவிடுகிறார்கள். தற்பால் உறவைக் குற்றமாக்கும், இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் எங்கள் தலைக்கு மேல் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்த பிறகும் அது நிறைவேறவில்லை. சட்டமும் பேசாது, பள்ளிக்கூடமும் பேசாது, வீடும் பிறகு என்றால், ஒரு கார்ட்டூன் பொலிஸ்காரியின் ஒரு வாக்கியத்தின் மீது இவ்வளவு பாரம் ஏறுவதில் வியப்பில்லை.

நீங்கள் "பிறகு சொல்கிறேன்" என்றீர்கள், "சீ" என்று சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய விடயம். இனி அந்தப் பிறகைத் தள்ளிப்போடாதீர்கள்.

2025 ஓகஸ்ட் 11

"இப்படிப்பட்ட படங்களை மக்கள் நிராகரித்துவிட்டார்கள், 'ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்' படுதோல்வி" என்கிறார் உவர்மலை வாசகர். 2022 இல் வந்த அந்த டிஸ்னி கார்ட்டூன் படம் தோற்றது உண்மை. கதையின் நடுவிலேயே அது தள்ளாடியதும் உண்மை. அதில் ஈதன் தன் மனதில் இருக்கும் பையனைப் பற்றிச் சொன்னதும், முரட்டுத் தாத்தா ஒரு கணமும் தயங்காமல் அவனை எப்படிக் கவர்வது என்று யோசனை சொல்லத் தொடங்குகிறார். அந்தக் காட்சி மட்டும் இன்னும் நன்றாகவே இருக்கிறது. 'மிட்செல்ஸ்' படமும் 2023 இன் 'நிமோனா' கார்ட்டூனும் ஒஸ்கார் பரிந்துரை வரை போயின. இதில் காசுக்கணக்கு எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாகாது.

2025 ஓகஸ்ட் 17

சரி, அப்படியானால் எதைக் காட்டுவீர்கள் என்று நிலாவெளி வாசகர் கேட்கிறார்.

சின்னப் பிள்ளைகளுக்கு 'மிட்செல்ஸ்', 'லைட்இயர்'. பதின்வயதினருக்கு 'நிமோனா'. தமிழில் தேடினால் கை வெறுமையாகவே திரும்புகிறது. ராம் இயக்கிய 'பேரன்பு' (2019) எனக்கு மிகவும் நெருக்கமான படம். திருநங்கையான அஞ்சலி அமீரே மீராவாக நடித்திருக்கிறார். மகளின் நோயோடும் உலகத்தின் கொடுமையோடும் தனியாக மல்லுக்கட்டித் தோற்றுப்போன தகப்பனுக்குக் கடைசியில் ஒரு குடும்பம் அமைவது மீராவால்தான். அவரை எடுத்துவிட்டால் படத்துக்கு முடிவே இல்லை. ஆனாலும் அது பிள்ளைகள் தாங்கும் படமல்ல.

யோசிக்க யோசிக்க, முதலில் காட்ட வேண்டியது பிள்ளைகளுக்கு அல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜியோ பேபியின் 'காதல் – த கோர்' (2023) என்ற மலையாளப் படத்தைப் பெற்றோருக்கு மட்டும் காட்டப்போகிறோம். மம்முட்டியின் மாத்யூ ஊராட்சித் தேர்தலில் நிற்கும் நேரத்தில், ஜோதிகாவின் ஓமனா விவாகரத்துக் கேட்கிறாள். மாத்யூ தற்பால் ஈர்ப்புள்ளவர். இத்தனை ஆண்டுகள் அதை மறைத்து வாழ்ந்த ஒரு வாழ்க்கையிலிருந்து இருவரையும் விடுவிக்க அவள் எடுக்கும் முடிவு அது. முத்தமில்லை, ஆர்ப்பாட்டமில்லை. வயதான தகப்பன், வளர்ந்த மகள், தேவாலயம், அயலவர், தேர்தல் சுவரொட்டி என்று எங்கள் ஊரில் நடந்தால் எப்படி நடக்குமோ அப்படியே நடக்கிறது. குடும்பப் படம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படத்தை அண்மையில் நான் பார்க்கவில்லை.

2025 ஓகஸ்ட் 20

நிர்வாகக் குழுவில் ஒருவர் எதிர்த்தார், இருவர் ஆதரித்தார்கள், மற்றவர்கள் மம்முட்டி படம்தானே என்று விட்டுவிட்டார்கள். என்ன கதை என்பதை முன்கூட்டியே சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று எதிர்த்தவர் கேட்டார். அது சரியான கோரிக்கை. அறிவித்தலில் கதையைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். வருவதாக இதுவரை சொன்னவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். தகப்பன்மாரும் வேலை முடித்து வரக்கூடியதாக ஞாயிறு மாலைக்கு மாற்றியிருக்கிறோம். ஐந்தரைக்குப் படம் தொடங்கும். முடிந்தபின் பேசுவதற்கு ஒரு மணிநேரம் ஒதுக்கியிருக்கிறது. நிலாவெளி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்றால், பேச்சு முடிந்ததும் கொண்டுபோய் விட ஓட்டோ ஒன்று ஒழுங்கு செய்து தரலாம்.